இழுத்து அறுக்கும் ரம்பம், இழுத்துச் சீவும் இழைப்புளி: வாசகர் கேள்விகள்

ஜப்பானியத் தச்சர்களின் கைக்கருவிகளைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆசாரிகளும் ஆசாரி வீட்டுப் பிள்ளைகளும் எழுதியவை. நானும் அப்படியொரு வீட்டில் பிறந்தவள்தான். அப்பா நாகர்கோவில் பக்கம் கதவும் நிலையும் செய்தவர். வேலைக்காகக் கோபே நகரில் குடியேறிய பிறகு, எங்கள் பகுதியில் இருக்கும் முதிய தச்சர் ஒருவரிடம் சனிக்கிழமைகளில் கற்று வருகிறேன். கீழே சொல்வதில் பெரும்பகுதி அவர் பட்டறையில் பார்த்ததும் கையால் செய்ததும். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ரம்பத்தை ஏன் இழுத்து அறுக்கிறார்கள்? தள்ளினால்தானே உடம்பின் பாரம் கிடைக்கும்?
— மரக்கடை வைத்திருக்கும் வாசகர், காரைக்குடி

பாரம் கிடைக்கும், சரி. ஆனால் தள்ளும்போது தகடு வளையப் பார்க்கும். வளையாமல் நிற்க வேண்டுமென்றால் தகட்டைத் தடிமனாக்க வேண்டும். தகடு தடித்தால் வெட்டும் தடம் அகலமாகும். தடம் அகலமானால் அவ்வளவு மரமும் தூளாக வேண்டும். நீங்கள் கொடுக்கும் பாரத்தில் பெரும்பங்கு அந்தத் தூளுக்கே போய்விடுகிறது. இழுக்கும்போது தகடு தானாகவே விறைத்து நேராகிவிடும். அதனால் மெல்லிய தகடே போதும். நுணுக்கமான இணைப்புகளை அறுக்கும் தோசுகி ரம்பத்தின் தகடு சுமார் 0.3 மில்லிமீட்டர்தான். அதன் மேல்விளிம்பை ஒரு இரும்புப் பட்டை கவ்விக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் அதற்கு ஆதாரம்.

அன்றாட வேலைக்கு ரியோபா. இதற்கு இரண்டு பக்கமும் பல் உண்டு. ஒரு பக்கம் நாருக்குக் குறுக்கே அறுக்க, மறுபக்கம் நாரோடு கிழிக்க. கிழிக்கும் பக்கத்தைக் கூர்ந்து பாருங்கள். பற்கள் கைப்பிடிக்குப் பக்கத்தில் சிறியதாகத் தொடங்கி, முனையை நோக்கிப் போகப் போகப் பெரிதாகும். வெட்டைத் தொடங்கும்போது அந்தச் சிறு பற்களால் தொடங்கினால் ரம்பம் துள்ளாது. தடம் விழுந்த பிறகு முழு நீளத்தையும் இழுக்கலாம். அழுத்தக் கூடாது, பிடியின் கடைசியில் கை வைத்து இழுத்தால் ரம்பத்தின் சொந்த எடையே போதும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜப்பானியத் தச்சர் பழக்கமாக மரத்தை முழங்காலுக்குக் கீழே, தாழ்வான இரண்டு தாங்கிகளின் மேல் போட்டு, ஒரு காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு அறுப்பார். குனிந்து நின்று தன்னை நோக்கி இழுப்பது அந்த நிலையில் உடம்புக்கு இயல்பாக வரும். தரையில் உட்கார்ந்து, கால் விரல்களால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்த நம் பழைய ஆசாரிகளுக்கு இது அந்நியமாகப் படாது. இடுப்பளவு மேசையில் மரத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, "இழுக்கிற ரம்பம் சரிப்படவில்லை" என்று சொல்பவர்கள், ஒருமுறை மரத்தைக் கீழே இறக்கி வைத்துப் பார்க்க வேண்டும்.

அக்கா, நீங்கள் போட்ட படத்தில் இழைப்புளியில் திருகும் இல்லை, நெம்புகோலும் இல்லை. அலகு எப்படி நிற்கிறது?
— கட்டடக்கலை மாணவர், மதுரை

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

கன்னா என்கிற ஜப்பானிய இழைப்புளி, பெரும்பாலும் வெண் ஓக் மரத்தில் குடைந்த ஒரே கட்டை. அதன் உட்பக்கச் சுவர்கள் இரண்டிலும் சாய்வாக ஒவ்வொரு காடி. அலகு மேலே தடித்தும் கீழே மெலிந்தும் ஆப்பு வடிவில் இருக்கும். அதைக் காடிக்குள் இறக்கிச் சுத்தியலால் தட்டினால் இறுகி நின்றுவிடும். இன்னும் ஆழமாகச் சீவ வேண்டுமா, அலகின் தலையில் மெல்லத் தட்டுங்கள். ஆழம் அதிகமா, அலகுக்குப் பின்னால் இருக்கும் கட்டையின் விளிம்பை இடம், வலம் என்று மாற்றி மாற்றித் தட்டுங்கள். அலகு மேலே ஏறும். மூலை சாய்ந்திருந்தால் அலகைப் பக்கவாட்டில் தட்டி நேராக்கலாம். அலகின் மேல் இன்னொரு சிறு இரும்பு படிந்து உட்கார்ந்திருக்கும். சீவலை அது உடனுக்குடன் மடக்கிவிடுவதால் நார் முன்கூட்டியே பிளந்து பிய்ந்துவராது.

நல்ல கன்னாவைக் கடையில் வாங்கி வந்து அலகைத் தட்டிப் பாருங்கள், அது வாய்வரை, அதாவது அடிப்பாகத்தில் அலகு வெளியே எட்டிப்பார்க்கும் பிளவுவரை, இறங்காது. பாதியிலேயே நின்றுவிடும். பொருளில் குறை இருக்கிறது என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. குறை எதுவும் இல்லை. கட்டையை அலகுக்குப் பொருத்துவது வாங்கியவர் வேலை என்று விட்டுவைத்திருக்கிறார்கள். செய்கிற விதம் இப்படி: அலகின் முதுகில் பென்சில் கரியையோ எண்ணெயில் குழைத்த மையையோ மெல்லப் பூச வேண்டும். காடிக்குள் இறக்கி, தட்டி, வெளியே எடுக்க வேண்டும். கட்டையின் சாய்வுப் பரப்பில் எங்கெல்லாம் கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் அலகு உரசுகிறது என்று பொருள். அந்தக் கறுப்பை மட்டும் அகல உளியால் மெல்லிய தோலாகச் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடி பூசி, மறுபடி இறக்க வேண்டும். முதலில் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் திட்டுத் திட்டாகக் கறுப்பு விழும். போகப் போகத் திட்டுகள் சிறியதாகிப் பரவலாகும். அலகு கொஞ்சம் கொஞ்சமாக வாயை நெருங்கும். கையால் அழுத்தினால் வாய்க்குச் சில மில்லிமீட்டர் முன்னால் நின்று, மிச்சத்துக்குச் சுத்தியல் தட்டு கேட்டால் சரியான பொருத்தம். அவசரப்பட்டு ஒரு சீவல் அதிகமாக எடுத்துவிட்டால் அலகு தளர்ந்துவிடும். பிறகு காகிதத் துண்டை ஒட்டித்தான் சரிக்கட்ட வேண்டும்.

அடிப்பாகமும் அப்படித்தான். பார்க்கத் தட்டையாக இருக்கும், ஆனால் முழுப் பரப்பும் மரத்தைத் தொடக் கூடாது. முன்விளிம்பும், அலகுக்குச் சற்று முன்னால் இருக்கும் கோடும் மட்டும் தொட்டால் போதும். இடைப்பட்ட பகுதியை மயிரிழை ஆழத்துக்குச் சுரண்டி விடுவார்கள். அதற்கென்றே அலகு ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கும் தனி இழைப்புளி உண்டு. ஓக் கட்டை ஈரக்காற்றுக்கு வீங்கும், வறண்ட காற்றுக்குச் சுருங்கும். ஜூன் மாத மழைக்காலம் வந்தால் என் ஆசான் எல்லாக் கட்டைகளையும் நேர்விளிம்பு வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நேற்று ஒழுங்காகச் சீவிய கன்னா இன்று சீவவில்லையென்றால் அவர் முதலில் சந்தேகப்படுவது அடிப்பாகத்தை, அப்புறம்தான் அலகை.

இதெல்லாம் சரியாக அமைந்துவிட்டால், கன்னாவை நெஞ்சை நோக்கி இழுத்துக்கொண்டே பின்னால் நடக்கும்போது, ஹினோக்கி என்கிற ஜப்பானிய சைப்ரஸ் மரத்தின் முழு நீளத்துக்கும் ஒரே சீவல் வரும். அந்த மரத்தின் எலுமிச்சை கலந்த வாசனை பட்டறை முழுக்க நிறையும். கெசுரோகாய் என்று தச்சர்கள் கூடி மெல்லிய சீவல் எடுக்கும் போட்டி ஒன்று ஜப்பானில் நடக்கிறது. அங்கே வெற்றி பெறும் சீவல்கள் 10 மைக்ரானுக்கும் கீழே (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று). நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70, 80 மைக்ரான். போட்டி ஒரு பக்கம் இருக்கட்டும். மணல்தாள் தேய்த்த பரப்பில் நார்கள் கிழிந்து நிற்கும். கூரிய அலகு சீவிய பரப்பில் நார்கள் அறுபட்டு நிற்கும். சீவிய தூணில் மெருகெண்ணெய் இல்லாமலே முகம் மங்கலாகத் தெரியும். இங்கே வீட்டுத் தூண்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இணையத்தில் ஜப்பானிய உளி வாங்கினேன். பிடியின் தலையில் இருக்கும் இரும்பு வளையம் கழன்று கழன்று விழுகிறது. ஏமாந்துவிட்டேனா?
— வாசகர், சிவகாசி

ஏமாறவில்லை. நல்ல உளி பல இடங்களில் அப்படித்தான் விற்கப்படுகிறது. வளையத்தைப் பதிப்பதும் உங்கள் வேலை. முதலில் வளையத்தைக் கழற்றி, உட்புறத்தில் பிசிறு இருந்தால் அரத்தால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். பிடியின் தலைப்பகுதியைச் சுற்றிலும் சுத்தியலால் மெல்லத் தட்டி மரத்தை நெரித்து ஒடுக்குங்கள். வளையம் இப்போது தலைக்குக் கீழே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தைத் தண்ணீரில் நனைத்து, சுத்தியலால் வளையத்தின் மேல் மடியும்படி சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். நெரிபட்ட மரம் மறுபடி ஊறி விரியும்போது வளையம் அசையாது.

இந்த உளியை இரும்புச் சுத்தியலாலேயே அடிக்கலாம், கொட்டாப்புளி தேவையில்லை. கெந்நோ என்கிற அவர்கள் சுத்தியலுக்கு ஒரு முகம் தட்டை, மறுமுகம் லேசாகப் புடைத்தது. உளிக்குத் தட்டை முகம். புடைத்த முகம் ஆணியின் கடைசி அடிக்கு. மரத்தில் வட்டத் தழும்பு விழாமல் ஆணி உள்ளே போகும்.

சாணை பிடிப்பதில் என்ன விசேஷம்? நாங்களும்தான் கல்லில் தீட்டுகிறோம்.
— வாசகர், கும்பகோணம்

விசேஷம் அலகில் இருக்கிறது. ஜப்பானிய உளியும் கன்னா அலகும் இரண்டு உலோகங்கள் சேர்ந்தவை. வெட்டும் பக்கத்தில் மெல்லிய கடின எஃகு, அதன் முதுகில் தடிமனான மென்மையான இரும்பு. உலையில் காய்ச்சி இரண்டையும் அடித்து ஒட்டவைப்பார்கள். எஃகு மிகக் கடினம், தனியாக இருந்தால் ஒரே அடியில் உடைந்துவிடும். மென்னிரும்பு அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அதோடு தீட்டும் சாய்வில் பெரும்பகுதி மென்னிரும்பு என்பதால் கல்லில் சீக்கிரம் தேயும். பழைய தேனிரும்பு இப்போது உற்பத்தியாவதில்லை. அதனால் பழைய கப்பல் நங்கூரம், சங்கிலி, பாலத்துச் சட்டம் எல்லாவற்றையும் கொல்லர்கள் சேமித்து வைத்திருக்கிறார்கள்.

எஃகுக்குப் பெரும்பாலும் ஷிமானே மாவட்டத்தின் யசுகி ஊர்ச் சரக்கு. வெள்ளைத்தாள் எஃகு, நீலத்தாள் எஃகு என்று கேட்டு வாங்குவார்கள்; ஆலையில் ஒட்டிய தாளின் நிறத்தால் வந்த பெயர்கள் அவை. வெள்ளை ஏறக்குறையச் சுத்தமான கரிம எஃகு. கூர் மிக நுண்மையாக ஏறும். நீலத்தில் டங்ஸ்டனும் குரோமியமும் சேர்ந்திருக்கும். கூர் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். முதல் உளி வாங்குபவருக்கு வெள்ளையே நல்லது என்பது என் அபிப்பிராயம், தீட்டப் பழகுவதற்கு அது இலகு.

அலகின் தட்டையான பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், நடுவில் குழிவு இருக்கும். கடின எஃகை முழுக்கத் தட்டையாகத் தேய்ப்பது பெரும்பாடு. குழி இருப்பதால் ஓரத்து விளிம்பு மட்டும் கல்லில் படும். ஆனால் தீட்டத் தீட்ட வெட்டுவாய் பின்வாங்கி அந்தக் குழியைத் தொட்டுவிடும். அப்போது செய்கிற வேலையைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். அலகைப் பட்டறைக்கல்லின் விளிம்பில் சாய்த்து வைத்து, சாய்வில் தெரியும் மென்னிரும்பின் மேல் சிறு சுத்தியலின் மூலையால் வரிசையாகத் தட்டுவார்கள். இரும்பு விரிந்து, எஃகு மறுபக்கம் மயிரிழை அளவுக்குப் புடைக்கும். புடைத்ததைத் தட்டை இரும்பில் தேய்த்தால் விளிம்பு மீண்டும் கிடைக்கும். தட்டு தவறி எஃகின் மேல் விழுந்தால் அலகு விரிசல் விட்டுவிடும். இது பெரும்பாலும் கன்னா அலகுக்குத்தான். உளிக்கு அபூர்வமாகத் தேவைப்படும்.

கல்லுக்குத் தண்ணீர் மட்டும், எண்ணெய் வேண்டாம். எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும். 1000 எண் கல்லில் சாய்வு முழுவதும் படும்படி வைத்துத் தீட்ட வேண்டும். மறுபக்கம் பிசிறு விரலில் தட்டுப்பட்டதும் 6000 அல்லது 8000 எண் கல்லுக்கு மாறலாம். தட்டைப் பக்கத்தை நுண்கல்லில் மட்டுமே தொடவிட வேண்டும். கியோட்டோவின் நருதாகி பக்கத்து மலைகளில் வெட்டிய இயற்கைக் கல்லுக்குத் தனி மரியாதை உண்டு. அந்தக் கல்லில் தீட்டினால் மென்னிரும்பு மூடுபனி படர்ந்தது போல மங்கி நிற்கும், எஃகு மட்டும் பளிச்சென்று ஒரு கோடாக மின்னும். பார்க்க அழகு. ஆனால் சுரங்கங்களில் பெரும்பாலானவை மூடிவிட்டதால் விலை கடுமை. செயற்கைக் கல்லே தாராளமாகப் போதும். கல் குழிவிழாமல் அடிக்கடி அதைத் தட்டையாக்கிக்கொள்வதுதான் முக்கியம். குழிந்த கல்லில் நேரான வாய் ஒருநாளும் வராது.

சாமுராய் வாள் அடித்தவர்கள்தான் இந்தக் கருவிகளையும் அடித்தார்களாமே?
— பள்ளி ஆசிரியை, ஈரோடு

சிலர். 1876-ல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது. வாள் கொல்லர்களுக்குப் பிழைப்பு போயிற்று. கத்தி, கத்தரி, தச்சுக் கருவிகள் பக்கம் பலர் திரும்பினார்கள். கருவிக் கொல்லர்களில் இன்றும் முதலில் சொல்லப்படும் பெயர் சியோசுரு கொரேஹிதே (1874–1957). எடோ என்ற பழைய டோக்கியோவின் வாள் கொல்லர் பரம்பரையில் வந்தவர். அவர் அடித்த அலகுகளை இப்போது வேலைக்கு எடுப்பவர்கள் குறைவு, பெட்டியில் வைத்துப் போற்றுகிறார்கள்.

ஆனால் மொத்தக் கதையும் வாளிலிருந்து வந்ததில்லை. கோபேக்குப் பக்கத்தில் இருக்கும் மிகி ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 1578 முதல் 1580 வரை ஹிதேயோஷி என்ற போர்த்தலைவரின் படை அங்கிருந்த கோட்டையை முற்றுகையிட்டு ஊரையே நாசமாக்கியது. திரும்பக் கட்டுவதற்குத் தச்சர்கள் வந்தார்கள், அவர்களுக்குக் கருவி அடிக்கக் கொல்லர்கள் வந்தார்கள் என்பது அந்த ஊர் வழக்கு. நீகாத்தா பக்கத்துச் சாஞ்ஜோ, வெள்ளத்தில் வயல் இழந்த உழவர்கள் ஆணி அடிக்கத் தொடங்கியதில் வளர்ந்த ஊர். அதே பக்கத்தில் யோய்த்தா உளிக்குப் பேர்போனது. வாள் கதை கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காக இந்த ஊர்க்காரர்களை மறந்துவிடக் கூடாது.

ஜப்பானியக் கோவில்கள் ஒரு ஆணிகூட இல்லாமல் கட்டப்பட்டவை என்பது உண்மையா?
— வாசகர், திருவண்ணாமலை

இல்லை. பாரத்தைத் தாங்குவது மரத்தோடு மரம் கோத்த இணைப்புகள், அது உண்மை. ஆனால் நாரா அருகே உள்ள ஹோர்யூஜி ஆலயத்திலேயே அடித்துச் செய்த இரும்பு ஆணிகள் இருக்கின்றன. உலகில் இன்று நிற்கும் மிகப் பழைய மரக்கட்டடங்கள் அங்கேதான் உள்ளன. 1934-ல் தொடங்கி அந்த ஆலயத்தைப் பிரித்துப் பழுது பார்த்தார்கள். அந்தப் பணியில் வளர்ந்த தலைமைத் தச்சர் நிஷியோகா சுனேகாசு (1908–1995) பின்னாளில் யாகுஷிஜி ஆலயத்தின் பொன்மண்டபத்தையும் (1976) மேற்குக் கோபுரத்தையும் (1981) எழுப்பினார். நவீன ஆணி நீண்ட காலம் நிற்காது என்று சொல்லி, மட்சுயாமாவைச் சேர்ந்த ஷிராதாகா யுகினோரி என்ற கொல்லரைக் கொண்டு பழைய முறையில் ஆணி அடிக்க வைத்தார்.

நிஷியோகா செய்த இன்னொரு காரியத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. பழைய தூண்களின் பரப்பில் மெல்லிய அலை அலையான தடங்கள் இருந்தன. இன்றைய கன்னா அப்படித் தடம் விடாது. நீண்ட பிடியில் இலை வடிவ அலகு பொருத்திய யாரிகன்னா என்னும் ஈட்டி இழைப்புளியின் தடம் அது. பெரிய பலகை ரம்பம் வராத காலத்தில் மரத்தை ஆப்பு வைத்துப் பிளந்து, வாச்சியால் செதுக்கி, கடைசியில் இதனால் சீவினார்கள். முரோமாச்சி காலத்தில் (14–16ஆம் நூற்றாண்டு) இரண்டு பேர் இழுக்கும் சட்ட ரம்பம் ஆசியக் கண்டத்திலிருந்து வந்தது, நேரான பலகை சுலபமாகக் கிடைத்தது, கட்டை இழைப்புளி பரவியது, ஈட்டி இழைப்புளி வழக்கொழிந்தது. அதை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தர ஆளே இல்லாத நிலையில், தூணில் இருந்த தடங்களைப் படித்தும் பழைய மாதிரிகளைப் பார்த்தும் கருவியை மறுபடி அடிக்க வைத்து, கையாளும் முறையைத் தானே கண்டுபிடித்தார். இன்று ஆலயத் தச்சர்கள் அதைத் தயக்கமில்லாமல் எடுக்கிறார்கள் என்றால் அவரால்தான்.

ஜப்பானிய மூலைமட்டத்தின் பின்பக்கம் வேறு அளவு போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா?
— கணித ஆசிரியர், பட்டுக்கோட்டை

உங்கள் வகுப்புக்கு எடுத்துப்போக வேண்டிய கருவி இது. சாஷிகனே என்று பெயர். முன்பக்கம் சாதாரண அளவு: 1 ஷாகு 30.3 சென்டிமீட்டர், அதில் பத்தில் ஒன்று சுன். பின்பக்கத்தில் ஒவ்வொரு சுன்னும் இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கிப் போடப்பட்டிருக்கும். 1 ஷாகு விட்டமுள்ள உருண்டை மரத்திலிருந்து எவ்வளவு பெரிய சதுரத் தூண் எடுக்கலாம்? மட்டத்தைத் திருப்பி அந்தப் பக்கத்தை விட்டத்தின் மேல் வையுங்கள். 7 சுன்னைக் கொஞ்சம் தாண்டிக் காட்டும். அதுதான் சதுரத்தின் பக்கம், சுமார் 21.4 சென்டிமீட்டர். கணக்கே போட வேண்டாம். கூரையின் மூலைக் கைமரம் மூலைவிட்டமாக ஓடுவதால் அதற்கும் இந்தப் பக்க அளவுதான். இன்னொரு அளவில் சுன்னை π (பை) என்ற எண்ணால் வகுத்திருப்பார்கள்; விட்டத்தில் வைத்தால் சுற்றளவு நேராக வாசிக்கக் கிடைக்கும்.

1959 முதல் மீட்டர் முறை கட்டாயமானபோது ஷாகு அளவு போட்ட மட்டங்களை விற்பது சட்டவிரோதமாயிற்று. 1970-களில் வானொலிக் கலைஞர் எய் ரோகுசுகே தச்சர்களுக்காக வெளிப்படையாகப் போராடினார். அதன் பிறகு, மீட்டரின் 33-ல் 10 பங்கு என்று குறித்து விற்க வழி பிறந்தது. ஒரு சமூகம் தன் தச்சரின் அளவுகோலுக்காகக் குரல் கொடுத்தது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

நாங்கள் காவி தோய்த்த நூலை அடித்துக் கோடு போடுவோம். அங்கே எப்படி அம்மா?
— ஓய்வுபெற்ற ஆசாரி, அம்பாசமுத்திரம்

ஐயா, அதே வேலைதான், நூலுக்கு மட்டும் ஒரு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சுமித்சுபோ என்ற மரக்கிண்ணம். ஒரு முனையில் மை ஊறிய பஞ்சு, மறுமுனையில் பட்டு நூல் சுற்றிய சக்கரம். நூலின் நுனியில் ஊசி பொருத்திய சிறு கட்டை இருக்கும். ஊசியை மரத்தின் ஒரு முனையில் குத்திவிட்டுக் கிண்ணத்தோடு பின்னால் நடந்தால், நூல் பஞ்சுக்குள் புகுந்து மை தோய்ந்து வெளியே வரும். மறுமுனையில் கட்டை விரலால் அழுத்தி, நூலை நேர்மேலே தூக்கி விட்டால் ஒரே கறுப்புக் கோடு. நீங்கள் செய்கிறபடியேதான். எழுத்துக்கும் குறுங்கோட்டுக்கும் நுனியைச் சீப்புப் பல்லாகக் கீறிய மூங்கில் எழுதுகோல் வைத்திருக்கிறார்கள். கோபேயில் ஒரு கண்காட்சியில் ஆமையும் கொக்கும் செதுக்கிய சுமித்சுபோவைப் பார்த்தபோது, அதைச் செய்த தச்சர் உளி பிடித்த கையின் திறமை முழுவதையும் இந்தக் கிண்ணத்தில் இறக்கியிருப்பது தெரிந்தது.

பெண்கள் இந்த வேலையைச் செய்ய உடல்வலு போதுமா?
— வாசகி, கோயம்புத்தூர்

போதும். மெல்லிய ரம்பமும் கூரான உளியும் வலுவைக் கேட்பதில்லை. ஆலயத் தச்சுப் பட்டறைகளிலும் பெண்கள் சேர்ந்து கற்கிறார்கள். தைரியமாகத் தொடங்குங்கள்.

இன்றைய ஜப்பானில் இவற்றை யாராவது நிஜமாகப் பயன்படுத்துகிறார்களா, அல்லது காட்சிப் பொருளா?
— வாசகர், சேலம்

நேர்மையாகச் சொன்னால், வீடு கட்டுவதில் வெகுவாகக் குறைந்துவிட்டது. தூணும் உத்தரமும் ஆலையிலேயே இயந்திரத்தில் வெட்டி, எண் போட்டு வந்து இறங்குகின்றன. 1980-ல் 9 லட்சத்துக்கும் மேல் இருந்த தச்சர்கள் 2020-ல் 3 லட்சத்துக்கும் சற்றுக் கீழே. ரம்பத்துக்குப் பல் தீட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் அருகிவிட்டார்கள். இப்போதைய ரம்பங்களில் பல்லின் நுனி மட்டும் மின்சாரத்தால் கடினமாக்கப்பட்டுக் கறுநீலமாகத் தெரியும். அரம் அதில் ஏறாது. மழுங்கினால் தகட்டைக் கழற்றி வேறு மாட்ட வேண்டியதுதான்.

இருந்தாலும் ஆலயப் பணி, தேநீர் அறை, மரக்கதவுத் தடுப்பு செய்கிறவர்கள், அறைகலன் செய்கிறவர்கள் தினமும் கன்னாவையும் உளியையும் எடுக்கிறார்கள். மரக்கட்டடங்களைப் பேணும் ஜப்பானிய மரபுத் திறன்களை 2020-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. என் ஆசானின் பெட்டியில் மகிட்டா மின்ரம்பமும் இருக்கிறது. பருவெட்டு அதில், இணைப்பின் கடைசிப் பொருத்தம் கையில். எனக்கு அது சரியான பங்கீடாகவே படுகிறது.

தேக்கு, பலா, வேம்பில் இவை ஓடுமா?
— கதவு செய்பவர், செங்கோட்டை

ஓடும், ஆனால் கோணத்தை மாற்ற வேண்டும். இந்தக் கருவிகள் ஹினோக்கி, சுகி போன்ற மென்மரங்களோடு வளர்ந்தவை. கன்னா அலகு வழக்கமாக 40 பாகைக்குச் சற்றுக் கீழே சாய்ந்திருக்கும். நம் மரங்களுக்கு நார் பிய்க்காமல் இருக்க அதைவிட நிமிர்ந்து நிற்கும் கட்டை கேட்டு வாங்குங்கள். உளியின் வாயை 30 பாகையில் வைக்காமல் 35 பாகை வரை தீட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நுனி பொடிந்துவிடும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் எந்த அலகும் சீக்கிரம் மழுங்கும். பக்கத்திலேயே கல்லும் தண்ணீரும் இருக்கட்டும். துளைக்குள் உளியை நெம்பாதீர்கள். பழைய வீட்டைப் பிரித்த மரத்தில் ஆணி ஒளிந்திருக்கும், அதில் இவற்றை எடுக்கவே வேண்டாம்.

தொடங்குபவர் எத்தனை கருவிகள் வாங்க வேண்டும்? எவ்வளவு ஆகும்?
— தகவல் தொழில்நுட்ப ஊழியர், சென்னை

1943-ல் டோக்கியோவில் எடுத்த ஒரு கணக்கெடுப்பின்படி, ஒரு தச்சரின் முழுமையான கருவித் தொகுப்பு 179. குறைந்தபட்சத் தொகுப்பே 72. பயந்துவிடாதீர்கள். 240 மில்லிமீட்டர் ரியோபா ஒன்று, தகடு மாற்றும் வகை, மூவாயிரம் யென் அளவில் கிடைக்கும். 24 மில்லிமீட்டர் உளி ஒன்று. 1000 எண் கல் ஒன்று, முடிந்தால் 6000 எண் கல்லும். இவ்வளவு போதும். பத்து உளித் தொகுப்பைப் பளபளக்கும் பெட்டியில் பார்த்து மயங்க வேண்டாம். பத்தையும் தீட்டத் தெரியாமல் வைத்திருப்பதைவிட ஒன்றைத் தினமும் தீட்டுவது மேல். கன்னாவை இப்போது வாங்க வேண்டாம். உளியால் கட்டையைச் சுரண்டிப் பொருத்தும் அளவுக்குக் கை பழகிய பிறகு வாங்குங்கள்.

அடுத்த ஆண்டு ஜப்பான் வருகிறோம். இவற்றை எங்கே பார்க்கலாம்?
— வாசகி, சிங்கப்பூர்

கோபேயில் தகெனகா தச்சுக் கருவி அருங்காட்சியகம். 1984-ல் தொடங்கியது, 2014 முதல் ஷின்-கோபே ரயில் நிலையத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அதிவேக ரயிலில் இறங்கி நடந்தே போகலாம். தோஷோதாய்ஜி ஆலயத்தின் தூண்தலை இணைப்பை உண்மையான அளவிலேயே செய்து வைத்திருக்கிறார்கள், அதன் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். கருவி வாங்க வேண்டுமானால் மிகி ஊருக்குப் போங்கள். உளியும் ரம்பமும் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள், பெரிய பெட்டிக்குள் வைத்துக் கட்டுங்கள். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை.